விலைக்கு வாங்கிய விலங்கு



சென்ற ஆண்டு ஆயுத பூசையன்று நம் பள்ளி அலுவலகத்துக் கணிப்பொறிகள் நான்கிற்கும் சந்தனம் தடவினார்கள்; குங்குமம் இட்டார்கள்; பொரியும் கடலையும் படைத்தார்கள்; கண்ணேறு கழிய எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தோய்த்து வாயிற்படியில் வைத்தார்கள். அறிவியல் ஈன்ற கருவிக்கு ஆரத்தி! "பொரி இருக்கட்டும் ஐயா, உள்ளே இருக்கும் பதிவேடுகளுக்கு நகல் ஒன்று எடுத்து வெளியே வைத்திருக்கிறோமா?" என்று கேட்டோம். "நல்ல நாளும் அதுவுமாய் ஏன் தம்பி இந்தப் பேச்சு!" என்று எழுத்தர் ஐயா கையமர்த்திவிட்டார்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம். காலையில் பொறியைத் திறந்தார் ஐயா. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ்ப் படிவம், சம்பளப் பட்டியல், எட்டாண்டு உழைப்பு அத்தனையும் பெயர் மாறி, வால் முளைத்து, திறக்க மறுத்து நின்றன. திரையின் நடுவே ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு: இத்தனை டாலர் அனுப்பு, பூட்டைத் திறக்கின்றோம். முகையூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு பள்ளி எழுத்தரிடம், எங்கேயோ கண் காணாத் தேசத்துக் கொள்ளைக்காரன் பணயத் தொகை கேட்கின்றான்! சந்தனம் காக்கவில்லை. சாமி வரவில்லை. எலுமிச்சை வாடிக் கிடந்தது.

பக்கத்து நகரத்துக் கடைக்காரரை அழைத்து வந்தோம். பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஒரிஜினல் இல்லை சார், அதனாலேதான்" என்றார். ஒரிஜினல் அல்லாததைப் பொறி ஒன்றுக்கு ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு நிறுவித் தந்தவர் யார்? அவரேதான்! பூட்டுடைத்த மென்பொருளைக் கொண்டுவந்து போட்டவர், அந்த ஓட்டை வழியே திருடன் நுழைந்தபின், "கதவில்லாத வீடு வைத்திருந்தது உங்கள் தவறு" என்கின்றார்.

மூன்று வாரம் ஆசிரியர்கள் முறைவைத்து உட்கார்ந்து, காகிதப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்தோம். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டிய நேரம் அது. அந்த மூன்று வாரத்தில்தான் சிந்தித்தோம். சிந்தித்ததைத்தான் இங்கே எழுதுகின்றோம்.

இதற்கு மருந்தென்ன என்று கேட்டால் ஊரார் சொல்லும் விடை ஒன்றே: காசு கொடுத்து முறையாக வாங்கிவிடுங்கள். சரி, வாங்கலாம். எதை வாங்குகின்றோம்? மேசை வாங்கினால் மேசை நம்முடையது. நாற்காலி வாங்கினால் அது உடைகின்றவரை நம்முடையது. இந்த அலுவலக மென்பொருளோ ஆண்டுச் சந்தா. இந்த ஆண்டு கட்டினால் இந்த ஆண்டு எழுதலாம்; அடுத்த ஆண்டு கட்டத் தவறினால், நாம் எழுதிய கடிதத்தை நாமே திருத்த முடியாது. நம் வட்டாரத்தில் மல்லாட்டை பயிரிடும் உழவரைக் கேளுங்கள். விளைந்ததில் நல்லதைப் பொறுக்கி அடுத்த பட்டத்துக்கு விதையாக எடுத்து வைத்தவர் அவர் பாட்டனார். இன்று ஆண்டுதோறும் கடைக்குப் போய் விதை வாங்கும் பேரனிடம் கேளுங்கள். எது உடைமை, எது அடிமை என்று பட்டறிவோடு சொல்வார். பள்ளிக்கு வரும் பராமரிப்புத் தொகையிலோ சுண்ணக்கட்டி, கழிவறைத் துப்புரவு, உடைந்த சன்னல் இவை போக எஞ்சுவது என்ன என்பதைத் தலைமையாசிரியர்கள் அறிவார்கள்.

ஆனால் பணம் மட்டுமே நம் வழக்கு என்று எண்ணிவிடாதீர்கள். பணத்தைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு.

இந்நாட்டில் அறிவைப் பூட்டிவைத்து, அந்தப் பூட்டின் சாவியை முப்புரியில் முடிந்துகொண்டு, "கேட்காதே, ஓதாதே, ஏன் என்று வினவாதே; தட்சிணையை மட்டும் வைத்துவிட்டுப் போ" என்று ஆண்ட கூட்டத்தின் வரலாற்றை நம் இளைஞர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. மந்திரத்தின் பொருள் தெரிந்துவிட்டால் மதிப்புப் போய்விடும்! விற்பனை மென்பொருளின் நடைமுறையும் அதுவே. மூலநிரல் என்பது மென்பொருளின் உள்ளுறை. மனிதன் படிக்கத்தக்க வடிவில் எழுதிய கட்டளைத் தொகுதி. அதைக் காட்டமாட்டார்கள். உள்ளே என்ன நடக்கின்றது, நம் கோப்பிலிருந்து எதை எங்கே அனுப்புகின்றது என்று பார்க்க முடியாது. பிழையிருந்தால் திருத்த உரிமை இல்லை. பக்கத்துப் பள்ளிக்கு ஒரு படி எடுத்துக் கொடுத்தால் குற்றம். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்க வேண்டிய பள்ளிக்கூடத்திலேயே, கேள்வி கேட்க முடியாத கருவி!

இதை எதிர்த்து எழுந்தவர் அமெரிக்கர் ஒருவர்: ரிச்சர்டு ஸ்டால்மன். 1983ஆம் ஆண்டு குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம். உள்ளே எப்படி வேலை செய்கின்றது என்று ஆராய்ந்து மாற்றலாம். படி எடுத்துப் பிறர்க்கு வழங்கலாம். திருத்திய படியையும் வழங்கலாம். இந்த நான்கு உரிமையும் உள்ளதே கட்டற்ற மென்பொருள் என்று வரையறுத்தார்கள். விலையில்லாமை அதன் விளைவே தவிர இலக்கணம் அன்று. 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருநிரல் அதனோடு சேர்ந்தது, லினக்ஸ் வளர்ந்தது. அலுவலகத் தொகுப்போ செருமனியில் ஸ்டார் ஆபிஸ் என்னும் பெயரில் பிறந்து, 1999இல் சன் நிறுவனத்தின் கைக்கு வந்து, 2000ஆம் ஆண்டில் மூலநிரல் திறக்கப்பெற்று ஓப்பன் ஆபிஸ் ஆயிற்று. சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிய ஆண்டு 2010. புதிய முதலாளியை நம்பாத உழைப்பாளிகள் அதே ஆண்டு செப்டம்பரில் நிரலை எடுத்துக்கொண்டு தனியே வந்து லிப்ரே ஆபிஸ் அமைத்தார்கள். கூர்ந்து நோக்குங்கள்: நிறுவனம் கைமாறிற்று, நிரல் கைமாறவில்லை. பூட்டிய மென்பொருளில் இது நடக்குமா?

நம்மவர் சிரிக்க வேண்டிய, சிரித்தபின் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று சொல்கின்றோம். தமிழ்நாட்டுப் பாடநூல் எடுத்துப் பாருங்கள். முன்னாளில் மேனிலை வகுப்புக் கணிப்பொறிப் பாடத்தில் ஸ்டார் ஆபிஸ் இருந்தது. 2018இல் வந்த பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் ஓப்பன் ஆபிஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் என்று இயல் இயலாக இருக்கின்றன. பாடம் கட்டற்ற மென்பொருள். தேர்வுக் கேள்வி கட்டற்ற மென்பொருள். அந்தத் தேர்வின் மதிப்பெண்ணைப் பட்டியலிடும் அலுவலகத்துப் பொறியில் திருட்டுப்படி! மாணவனுக்கு ஒன்று சொல்லி, அடுத்த அறையில் வேறொன்று செய்யும் இந்த இரட்டை வேடத்தில் நாமும் ஓராண்டுக்கு மேல் பங்கு கொண்டிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

2011இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டத்தில் நாமும் ஒன்று பெற்றோம். அதில் விண்டோசும் இருந்தது. சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. வாங்கி வந்த வாரமே பையன்கள் கூட்டமாய்க் கடைக்குப் போனோம். முந்நூறு ரூபாய் கொடுத்து லினக்சை அழிக்கச் சொன்னோம். எதை அழிக்கின்றோம் என்று எவனுக்கும் தெரியாது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அரசு கொடுத்தது, அறிவு கொடுக்கவில்லை.

கொடுக்க முயன்ற காலமும் இருந்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் எல்காட் என்னும் தமிழ்நாடு மின்னணுக் கழகத்தின் மேலாண் இயக்குநராக இருந்த உமாசங்கர் என்னும் ஆட்சிப்பணி அலுவலர், தம் அலுவலகத்தையே சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபிசுக்கும் மாற்றினார். அரசுக்கு வாங்கும் பொறிகளும் லினக்சோடு வரச் செய்தார். பின்னர் அவர் வேறு பொறுப்புக்கு மாற்றப்பட்டார். ஓர் ஆளின் முனைப்பில் எழுந்தது, ஆள் மாறியதும் தளர்ந்தது. இயக்கமாக வேரூன்றாத சீர்திருத்தத்தின் கதி அதுதான்.

கேரளத்தில் வேரூன்றியது. 2001இல் அங்கே பள்ளிக் கணிப்பொறித் திட்டம் தொடங்கியபோது பாடம் முழுதும் ஒரே நிறுவனத்தின் பொருளைச் சுற்றியே இருந்தது. ஆசிரியர் அமைப்புகள் கிளர்ந்தன. ஒரு வணிகரின் சரக்கைப் பாடமாக்குவதா என்று கேட்டன. சில ஆண்டுகளில் பள்ளி ஆய்வகங்கள் குனு லினக்சுக்கு மாறின. பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வும் அதில்தான். இன்றும் அப்படியே நடக்கின்றது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின, மென்பொருள் மாறவில்லை. காரணம், மாற்றியவர்கள் வகுப்பறையில் நின்றவர்கள். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் பெருமைப்படவும் இடமுண்டு, பொறாமைப்படவும் இடமுண்டு.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு அலுவலகங்கள் மாறத் தயங்குவதன் உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கின்றது. பலர் இதைப் பேசுவதில்லை.

வானவில், பாமினி போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களில்தான் ஆண்டுக்கணக்காக நம் அலுவலகங்கள் தமிழை எழுதிவந்தன. இவற்றில் திரையில் 'அ' என்று தெரிவது கணிப்பொறியின் வயிற்றில் 'அ' அன்று. ஆங்கில எழுத்து அல்லது குறி ஒன்றின் மேல் தமிழ் முகமூடி மாட்டியது. அந்த எழுத்துரு இல்லாத பொறியில் கோப்பைத் திறந்தால் முகமூடி கழன்றுவிடும். தமிழ் மறைந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக் குப்பை எஞ்சும். தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது. ஒருங்குறி அப்படியன்று. அதில் தமிழ் எழுத்துக்குத் தமிழ் எழுத்து என்றே எண் உண்டு; உலகின் எந்த மூலையிலும் 'அ' என்றால் 'அ'. தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. அது இயங்காத இடத்துக்கு டேஸ்-16 என்றது. விசைப்பலகைக்கோ, 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 வந்தது. தமிழ் இணையக் கல்விக்கழகம் ஒருங்குறி எழுத்துருக்களை விலையின்றியே தருகின்றது.

இத்தனை இருந்தும் நம் பள்ளிக்கு மேலிடத்திலிருந்து வந்த ஒரு சுற்றறிக்கையோடு வாய்மொழியாக ஓர் ஆணையும் வந்தது: "அந்தப் பழைய எழுத்துருவிலேயே தட்டி அனுப்புங்கள், இங்கே அதுதான் திறக்கும்." அரசாணை ஒருபுறம், அலுவலகப் பழக்கம் மறுபுறம்! ஆணையைப் பழக்கம் வென்றுவிடுகின்றது. பழக்கத்துக்குப் பெயர்தான் இங்கே தெய்வம்.

எழுத்துச் சீர்திருத்தத்தின் கதையை எண்ணிப் பாருங்கள். ஐகார, ஆகார எழுத்துகள் சிலவற்றின் கொம்பையும் சுழியையும் நீக்கி, அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாக்கி 1935இல் பெரியார் தம் குடிஅரசு ஏட்டில் அச்சிடத் தொடங்கினார். பண்டிதர்கள் சீறினார்கள். அரசு ஏற்ற ஆண்டு 1978. இடையே 43 ஆண்டு! இன்று அந்தப் பழைய வடிவம் எழுதத் தெரிந்த பிள்ளை நம் வகுப்பில் ஒன்றுகூட இல்லை. அதனால் தமிழ் அழிந்துவிடவும் இல்லை. 2010இல் அறிவித்த ஒருங்குறிக்கும் 43 ஆண்டு காத்திருக்க வேண்டுமா? அதுவரை நம் ஊர்ப் பிள்ளைகளின் பதிவேடு முகமூடித் தமிழில் கிடக்க வேண்டுமா?

மறுப்புரைப்போர் சொல்வதையும் கேட்போம். "இதைக் கற்றால் வேலை கிடைக்குமா? விளம்பரங்களில் எம்.எஸ். ஆபிஸ் அன்றோ கேட்கின்றார்கள்?" தட்டச்சுப் பயிலகத்தில் ரெமிங்டனில் பழகியவர் அலுவலகத்தில் கோத்ரெஜ் பொறியில் தட்டவில்லையா? கட்டத்துக்குள் கூட்டல் வாய்பாடு எழுதத் தெரிந்தவனுக்கு எந்தக் கட்டமும் கட்டம்தான். ஒரே பொத்தானின் இடத்தை மனப்பாடம் செய்தவனுக்குத்தான் அச்சம். அவனை அப்படிப் பழக்கிய குற்றம் நம்முடையது.

"பள்ளிகளுக்கு அந்நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றனவே?" தருகின்றன. திருவிழாக் கடையில் முதல் துண்டு அல்வாவும் இலவசம்தான். பிள்ளைப் பருவத்தில் கையைப் பழக்கிவிட்டால், வளர்ந்து வேலைக்குப் போன பின் அந்தக் கை வேறெதையும் நாடாது.

"மியூனிக் நகரம் மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டதே?" இந்தக் கேள்வியைக் கேட்பவர் படித்தவர், ஆகவே விரிவாகவே விடை சொல்வோம். செருமனியின் அந்நகராட்சி 2003இல் லினக்சுக்கு மாற முடிவெடுத்தது. முடிவைத் தடுக்க மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் தாமே மேயரைத் தேடி வந்தார். நகராட்சிப் பொறிகளுக்காகவா ஓர் உலக முதலாளி ஓடி வருவார்? எடுத்துக்காட்டுக்கு அஞ்சித்தான் வந்தார். பத்தாண்டில் ஏறத்தாழ 15,000 பொறிகள் மாறின. பிறகு நகராட்சியின் அரசியல் மாறி, 2017இல் விண்டோசுக்குத் திரும்ப வாக்களித்தார்கள். உண்மை, மறைக்கவில்லை. ஆனால் 2020இல் வந்த புதிய கூட்டணி, இயன்ற இடத்திலெல்லாம் திறந்த மூலநிரலே என்று உடன்பாடு செய்துகொண்டதையும், அதே நாட்டின் சிலெசுவிக்-ஓல்சுடைன் மாநிலம் 2024 ஏப்ரலில் சுமார் 30,000 அரசுப் பொறிகளை லிப்ரே ஆபிசுக்கு மாற்ற முடிவெடுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதிக் கதை சொல்வது புராணிகர் தொழில்.

அவர்கள் ஏன் மாறுகின்றார்கள்? குசராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா நிறுவனத்துக்கு 2025 ஜூலையில் நேர்ந்தது பாருங்கள். அதில் உருசிய நிறுவனத்துக்குப் பங்குண்டு என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இந்தியச் சட்டப்படி குற்றமொன்றும் இல்லை. ஆயினும் மைக்ரோசாப்ட், நயாராவின் மின்னஞ்சல் முதலான சேவைகளை நிறுத்திற்று. காசு கொடுத்து வாங்கிய உரிமம்! தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை மீண்டது. எண்ணெய் ஆலைக்கு வழக்கறிஞர் வைக்க வசதியுண்டு. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு?

அதே ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அடுத்த பதிப்போ, டி.பி.எம். என்னும் சில்லும் புதிய செயலியும் கேட்கின்றது. நம் பள்ளிப் பொறிகளில் அவை இல்லை. ஓடுகின்ற பொறியைக் குப்பையில் போடு என்பதுதான் இதன் பொருள். அந்தப் பொறிகளில்தான் இன்று லினக்சு ஓடிக்கொண்டிருக்கின்றது.

"அயலார் வேண்டாம், உள்நாட்டு நிறுவனத்தின் தொகுப்பு இருக்கின்றதே" என்பவர்களும் உளர். 2025 அக்டோபரில் ஒன்றியக் கல்வி அமைச்சகம் சோகோ தொகுப்பைக் கைக்கொள்ளச் சொல்லிற்று. தமிழ்நாட்டில் வளர்ந்த நிறுவனம், மகிழ்ச்சியே. ஆயின் அந்த அலுவலகத் தொகுப்பின் மூலநிரலும் நாம் படிக்கத் திறந்ததில்லை. சாவி அடுத்த தெருக்காரரிடம் இருந்தாலும் அடுத்த கண்டத்தாரிடம் இருந்தாலும், நம்மிடம் இல்லை என்பது மாறாது. இதே ஒன்றிய அரசு 2015இல் திறந்த மூலநிரலுக்கு முதலிடம் என்று கொள்கை அறிவித்ததே, அது எந்த அலமாரியில் உறங்குகின்றது?

மாறுவது பூப்பறிப்பது போல எளிது என்று நாம் ஏய்க்கமாட்டோம். நம் அலுவலகத்தில் அச்சுப்பொறியை இணங்க வைக்க இரண்டு நாள் ஆயிற்று. தலைமையாசிரியர் பேணிவந்த சம்பளப் பட்டியலில் யாரோ எழுதிவைத்த தானியங்கிக் கட்டளைகள் வேலை செய்ய மறுத்தன, மறுபடி எழுதினோம். மேலிடத்துக்கு டாக்எக்ஸ் வடிவில் அனுப்பிய கடிதமொன்றில் அட்டவணைக் கோடுகள் இடம்பெயர்ந்து, அங்கிருந்து ஒரு கடுஞ்சொல் வந்தது. இப்பொழுது திருத்த வேண்டாதவற்றைப் பி.டி.எப். ஆக்கி அனுப்புகின்றோம், திருத்த வேண்டியவற்றை எளிய அமைப்பில் எழுதுகின்றோம். கல்வித்துறையின் எமிஸ் தளமோ உலாவியில் திறப்பது. அதற்கு எந்தப் பொறியும் ஒன்றே. பழைய எழுத்துருக் கோப்புகளை மாற்றி ஒருங்குறி ஆக்கும் வேலைதான் நீண்டது. அதுவும் பாதி முடிந்தது. ஐயங்கள் வரும்போது கேட்க ஆள் இல்லையே என்று கலங்க வேண்டாம். விழுப்புரத்திலேயே குனு லினக்ஸ் பயனர் குழு இருக்கின்றது. சிற்றூர் மாணவர்க்கு இதையே கற்றுத் தருகின்றது. 2012 முதல் கணியம் என்னும் மின்னிதழ் தமிழிலேயே இவற்றை எழுதிவருகின்றது. லிப்ரே ஆபிசின் முகப்பையே தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தத் தமிழ் முகப்புத்தான் எழுத்தர் ஐயாவை மாற்றியது. முப்பதாண்டுப் பணியில், பொருள் தெரியாத ஆங்கிலச் சொற்களை இடம் பார்த்து அழுத்தி வந்தவர் அவர். முதல்நாள் திரையைப் பார்த்து, 'சேமி' என்றிருந்த இடத்தில் விரல் வைத்தார். "இத்தனை நாளும் இதைத்தானா தம்பி அழுத்திக்கொண்டிருந்தேன்?" என்றார்.

வரும் சனிக்கிழமை அடுத்த ஊர்ப் பள்ளியின் மூன்று பொறிகளை மாற்றப் போகின்றோம். ஐயாவும் வருகின்றார். எல்லாக் கோப்புக்கும் முதலில் நகல் எடுத்துத் தனி வட்டில் வைத்துவிட வேண்டும் என்று நேற்றே நமக்கு நினைவூட்டிவிட்டார்.